முல்லைத்தீவு வீதியில் ஒரு கிளினிக் நாள்

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதி தொடங்குகின்றது. ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் ஏறத்தாழ இந்த ஒழுங்கிலேதான் நாங்கள் இடம்பெயர்ந்தோம். எந்த ஊரில் எத்தனை நாள் தறப்பாளின் கீழ் இருந்தோம், எந்த ஊரில் யாரைப் புதைத்தோம் என்பது எங்களில் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம்.

அண்மையில் இந்த வீதியால் நான் சென்றது ஒரு கர்ப்பவதி வகுப்பைப் பார்ப்பதற்காக. முள்ளிவாய்க்காலை அண்டிய கடலோரக் கிராமமொன்றின் கிளினிக்கில், பிள்ளை பிறக்கும் முன்னரே தாய்ப்பாலூட்டலுக்கு எவ்வாறு ஆயத்தமாவது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கு கடமையாற்றும் குடும்பநல மாது எனக்கு நீண்ட காலமாகப் பழக்கமானவர். “ஒருநாள் வந்து இருந்து பாருங்கோ, பிறகு எழுதுங்கோ” என்று அழைத்திருந்தார்.

காலை பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. நெத்தலியாற்றுப் பாலம் கடந்து விசுவமடுவுக்குள் நுழைந்தால் வீதியின் இரு பக்கமும் கச்சான் தோட்டங்களும் தென்னம்பிள்ளைகளும். எறிகணையில் தலையறுந்து நின்ற பனைகளை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். அவற்றின் அடியில் வடலிகள் வளர்ந்துவிட்டன.

புதுக்குடியிருப்பில் பஸ் நின்றபோது ஒரு தாயும் எட்டு மாதக் கர்ப்பவதியான மகளும் ஏறினார்கள். நான் எழுந்து மகளுக்கு இடம் கொடுத்தேன். தாய் என் அருகில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கையிலிருந்த பையில் பிள்ளைச் சட்டைகள், வெள்ளைத் துணி, சவர்க்காரம். அவற்றுக்கு மேலே ஒரு மாப்பேணியும் ஒரு சூப்பிப் போத்தலும் இருந்தன.

“பிள்ளை பிறக்க முன்னமே மா வாங்கியாச்சோ அக்கா?” என்று கேட்டேன்.

“பால் வராட்டில் என்ன செய்யிறது? எனக்கு வராமப் போனது. இவளின்ர தம்பி 2009 தை மாசம் பிறந்தவன். பயத்தில பால் வத்திப் போச்சு. ஒரு பேணி மாவுக்கு நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். என்ர பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது.”

மகள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயதாம். அவர்களும் அதே கிளினிக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

பால்மா அட்டை

புதுக்குடியிருப்பிலிருந்து இரணைப்பாலை வழியாகக் கடற்கரைப் பக்கம் சென்றால் மாத்தளன், அதற்கடுத்து அம்பலவன்பொக்கணை. களப்புக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய மணல் நிலம். 2009 ஏப்ரல் 8 ஆம் திகதி, அங்கு பால்மா பெறுவதற்காக வரிசையில் நின்ற பெண்கள் மீதும் சிறுவர்கள் மீதும் எறிகணைகள் வீழ்ந்தன. இறந்த தாய்மார் சிலரின் கைகள் பால்மாவுக்கான அட்டையை இறுகப் பிடித்தபடியே இருந்தன என்று, ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவு செய்துள்ளது.

அந்த வரிசையில் நின்ற எந்தத் தாயும் பிழை செய்யவில்லை. தாயை இழந்த பிள்ளைகளும், காயப்பட்டு மயங்கிக் கிடந்த தாய்மாரின் பிள்ளைகளும் அங்கு இருந்தார்கள். அவர்களுக்கு மா வேண்டியிருந்தது. அந்த மண்ணில் ஒரு மாப்பேணிக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு, பஸ்ஸில் அந்தத் தாய் கட்டிப்பிடித்திருந்த பேணி வியப்பைத் தராது. பிள்ளைப்பேற்றுக்கு அவர் செய்த முதல் ஆயத்தம் அதுதான்.

வேப்பமர நிழலில்

கிளினிக் ஒரு சிறிய கட்டடம். முன்னால் வேப்பமரம். அதன் கீழ் வாங்கில்களில் ஏறத்தாழ இருபது பெண்கள். நிறை பார்த்து, பிறஷர் பார்த்து, இரும்புச்சத்துக் குளிசை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே வந்து பாயில் இருந்தார்கள். சிலரோடு தாய்மார், சிலரோடு மாமிமார், இருவரோடு கணவன்மார். சிலர் தனியே வந்திருந்தார்கள். குடும்பநல மாது ஒரு துணிப் பாவையையும், பழைய சட்டைத் துணியில் தைத்து உள்ளே பஞ்சு அடைத்த மார்பு வடிவம் ஒன்றையும் எடுத்து வந்து நடுவில் அமர்ந்தார்.

“மார்பை ஆயத்தப்படுத்த நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை” என்றுதான் அவர் தொடங்கினார். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே உடம்பு முதற்பாலைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். சிலருக்கு எட்டாம் மாதத்தில் ஓரிரு துளி கசியும், சிலருக்குக் கசியாது. இரண்டும் இயல்பு. முலைக்காம்பை முரட்டுத் துவாயால் தேய்ப்பது, இழுத்து இழுத்து நீட்டுவது, சவர்க்காரம் போட்டுக் கழுவுவது எல்லாம் பழைய பழக்கங்கள். அவற்றால் தோல் வெடித்துப் புண்ணாகுமே தவிரப் பயனில்லை. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் தெரியும் சிறு குருக்கள் போன்றவை எண்ணெய் சுரந்து தோலைப் பாதுகாப்பவை. குளிக்கும்போது தண்ணீர் பட்டால் போதும். காம்பு தட்டையாக இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் குடிக்கும், ஏனெனில் பிள்ளை பிடிப்பது காம்பை மட்டுமல்ல, கருவட்டத்தையும் சேர்த்துத்தான். உள்ளே இழுபட்ட காம்பு இருந்தால் இப்போதே சொல்லி வைத்தால், பிள்ளை பிறந்தவுடன் உதவி செய்யலாம்.

பிறகு துணிப் பாவையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். பிள்ளையின் முழு உடலும் தாயின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கழுத்து முறுகக் கூடாது. வாயை அகலத் திறந்த பிறகே மார்புக்குக் கொண்டுவர வேண்டும். நாடி மார்பைத் தொட வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். தொடர்ந்து நோவு இருந்தால் பிடி பிழை. வாய் ஓரத்தில் சின்ன விரலை வைத்து விடுவித்து மீண்டும் பிடிக்க வைக்கலாம்.

பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளையைத் தாயின் நெஞ்சில், தோலோடு தோல் படும்படி கிடத்த வேண்டும். முதலில் வரும் மஞ்சள் நிறமான கடும்புப் பால் கொஞ்சமாகத்தான் இருக்கும். முதல் நாளில் பிள்ளை ஒரு தடவைக்கு ஓரிரு தேக்கரண்டி அளவே குடிக்கும், அதற்கு அது போதும். பால் நிறைந்து கட்டுவது இரண்டாம், மூன்றாம் நாளில். சிலருக்கு நாலாம் நாளும் ஆகும். அதுவரை ஒரு நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை மார்பில் போட வேண்டும்.

“அந்த இரண்டு மூண்டு நாளிலதான் வீட்டுக்காரர் பயந்து பேணியை உடைக்கிறவை” என்றார் அவர். “பிள்ளை மாவைக் குடிச்சிட்டு நித்திரை கொள்ளும். உறிஞ்சாது. உறிஞ்சாட்டில் உடம்பு பாலைக் குறைக்கும். பிறகு பால் காணாது எண்டு இன்னொரு பேணி.”

தொடுவாய்

அப்போதுதான் பஸ்ஸில் வந்த தாய் கேட்டார்: “பயத்தில பால் வத்தாதோ மிஸி? எனக்கு வத்தினது. நான் கண்ணால கண்டது.”

வகுப்பில் இருந்த மற்றத் தாய்மாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தக் கேள்வி அங்கிருந்த பலருடையது.

குடும்பநல மாது உடனே மறுக்கவில்லை. “வட்டுவாகல் தொடுவாயைப் பாத்திருப்பியள். மணல் மூடிச்செண்டால் களப்புத் தண்ணி கடலுக்குப் போகாது. அதுக்காகக் களப்பு வத்திப் போச்சு எண்டு ஆரும் சொல்லுறேல்லை. வெட்டி விட்டால் ஓடும். பாலும் அப்பிடித்தான். ஊறுறது ஒண்டு, இறங்குறது இன்னொண்டு. பயம், நோவு, கவலை வந்தால் இறங்குறது கொஞ்ச நேரம் நிக்கும். உள்ள ஊறுறது நிக்காது. பிள்ளையைத் திரும்பத் திரும்பப் போட்டால் இறங்கும். போடாமல் நாள்கணக்கில விட்டால்தான் ஊறுறதும் குறையும்.”

“அப்ப என்ர பால்...”

“பிள்ளைக்கு என்ன குடுத்தனீங்கள்?”

“சீனித்தண்ணி, தேத்தண்ணி, கஞ்சித்தண்ணி. கிடைச்சதைக் குடுத்தன்.”

“அதைக் குடுத்துத்தான் அவனைத் தப்ப வைச்சனீங்கள். பங்கருக்குள்ள, நீங்களே சாப்பாடு தண்ணியில்லாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடேக்க, ஆரும் பக்கத்தில இருந்து இதைச் சொல்லித் தரேல்லை. கடும் பட்டினியில பால் குறையிறதும் உண்மை. உங்களில ஒரு பிழையுமில்லை அம்மா.”

அந்தத் தாய் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவன் இப்ப என்னை விட உயரம்” என்றார். மகள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

2009 ஓகஸ்ட் மாதம் உலகத் தாய்ப்பால் வாரத்தின் கருப்பொருள், அவசர நிலைமைகளில் தாய்ப்பாலூட்டல் என்பதாகவே இருந்தது. அந்த வாரத்தில் எங்களில் பலர் செட்டிகுளத்து முகாம்களில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தோம். நாட்டின் 2006-07 குடிசன சுகாதார ஆய்வில், ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 76 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடிப்பதாகக் கண்டார்கள். வட மாகாணம் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. வடக்கையும் சேர்த்து எடுத்த 2016 ஆம் ஆண்டு ஆய்வில் அது 82 சதவீதம். எங்கள் பெண்களும் அந்த எண்ணிக்கைக்குள் வந்திருக்கிறார்கள்.

ஒரு கையால், ஒரு மார்பால்

வகுப்பில் இருந்தவர்களில் ஒருவருக்கு இடது கை முழங்கைக்கு மேல் இல்லை. இது அவருக்கு இரண்டாவது பிள்ளை. மூத்தவனுக்கு எவ்வாறு பால் கொடுத்தார் என்பதை அவரே மற்றவர்களுக்குச் செய்து காட்டினார். இரவில் பக்கவாட்டில் படுத்து, பிள்ளையையும் தன் பக்கம் திருப்பிக் கிடத்திக் கொடுப்பார். பகலில் சுவரோடு சாய்ந்து கால்களை நீட்டி, மடியில் தலையணை வைத்து, பிள்ளையை அதன்மேல் கிடத்திப் பழைய சேலைத் துண்டால் தன் இடுப்போடு அணைத்துக் கட்டிக்கொள்வார். இருக்கும் கை தலையைத் தாங்கும். “முதல் கிழமை கஷ்டம். பிறகு அவனே தேடிப் பிடிப்பான்” என்றார். தலையணையை எவ்வளவு உயரம் வைப்பது என்று எட்டாம் மாதத்திலேயே வீட்டில் இருந்து பழகிப் பார்த்தது பெரிய உதவி என்றும் சொன்னார்.

வகுப்பு முடிந்த பின் ஓர் இளம் பெண் தயங்கித் தயங்கி வந்தார். மார்பில் செல் துண்டு பட்ட தழும்பு. ஒரு பக்கம் பால் வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் காயத்தின் ஆழத்தைப் பொறுத்து வரலாம், வராமலும் விடலாம், பிள்ளை பிறந்த பின்பே தெரியும் என்றார் குடும்பநல மாது. மற்றப் பக்கம் மட்டுமே ஒரு பிள்ளைக்குப் போதும். இரட்டைப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் தாய்மாரை நினைத்துப் பாருங்கோ என்றார். இவ்வாறான காயமோ சத்திரசிகிச்சையோ இருந்தால் முதல் கிளினிக்கிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறந்த பின் பிள்ளையின் நிறையை அடிக்கடி பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு விடயத்தை அவர் எனக்குத் தனியே சொன்னார். போரிலும் அதன் பின்னரும் நடந்தவற்றால், மார்பில் கை படுவதையே தாங்க முடியாத பெண்கள் இருக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பால் கொடுக்க மனமில்லாதவள் என்று அவர்களைப் பேசுவார்கள். “ஏன் எண்டு எனக்குச் சொல்லத் தேவையில்லை, கேக்காமல் தொடவேண்டாம் எண்டு மட்டும் சொன்னாலே காணும்” என்றார் அவர். அப்படிப்பட்டவர் தன் கையாலேயே பாலைக் கறந்து சுத்தமான கோப்பையால் பருக்கலாம். அதுவும் தாய்ப்பால் கொடுப்பதுதான்.

வீடும் ஆயத்தப்பட வேண்டும்

மத்தியானம் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தபோது பேச்சு பத்தியத்துக்குத் திரும்பியது. சரக்குத் தண்ணி, உள்ளி, வெந்தயம், முருங்கையிலை, பால்சுறா என்று மாமிமார் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். நல்ல சாப்பாடு, சாப்பிடட்டும் என்றார் குடும்பநல மாது. ஆனால் பாலைக் கூட்டுவது பிள்ளையின் வாய்தான். மரக்கறியையும் பழத்தையும் தண்ணீரையும் பத்தியம் என்று குறைக்கக் கூடாது. இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு குடிக்கக் கூடாது. ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தண்ணீரும் வேண்டாம், உரைமருந்தும் வேண்டாம். எங்கள் வெயிலிலும் தாய்ப்பாலில் உள்ள தண்ணீரே அதற்குப் போதும். ஆறு மாதத்தின் பின் மற்றச் சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

கணவன்மார் இருவரையும் பார்த்து, “தண்ணி ஆர் அள்ளுறது, ஆர் சமைக்கிறது, இரவில பிள்ளையை ஆர் தூக்கித் தாறது எண்டு இண்டைக்கே பேசி முடியுங்கோ” என்றார். தனியே வாழும் பெண்களுக்கு அடுத்த வீட்டுப் பெண்ணையும் வகுப்புக்கு அழைத்து வரச் சொன்னார். முதல் பத்து நாளும் ஒருவேளைச் சோறு கொடுக்க ஓர் ஆள், அழும்போது பக்கத்தில் இருக்க ஓர் ஆள். அந்த இரு பெயர்களையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். கூலி வேலைக்குச் செல்பவர்கள் பாலைக் கறந்து வைத்துவிட்டுப் போகக் கையால் கறக்கப் பழக வேண்டும். வெளியில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூப்பிப் போத்தலுக்குப் பதில் கோப்பையால் பருக்க வேண்டும். ஆனால் கறந்து பழகுவதைப் பிள்ளை பிறந்த பின் வைத்துக்கொள்ளலாம். முன்னர் குறைமாதத்தில் பிள்ளை பெற்றவர்கள், இரத்தப்போக்கு உள்ளவர்கள் கர்ப்பகாலத்தில் மார்பைத் தூண்டக் கூடாது. கம்பனியில் வேலை செய்பவர்களுக்கு 84 நாள் மகப்பேற்று விடுமுறை உண்டு. 2018 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின் பின், மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு மேலும் அதே அளவுதான்.

வீட்டுக்குப் போகும் முன் பஸ்ஸில் வந்த தாய் மாப்பேணியை எடுத்துக் காட்டினார். “இதை என்ன செய்ய?”

“கடைக்காரன் திருப்பி எடுத்தால் குடுங்கோ. எடுக்காட்டில் உடைக்காமல் வையுங்கோ. எனக்குச் சொல்லாமல் உடைக்க வேண்டாம். முதல் பத்து நாளுக்குள்ள நான் இரண்டு தரம் வீட்டை வருவன். அஞ்சாம் நாளிலயிருந்து பிள்ளை ஒரு நாளுக்கு ஆறு தரத்துக்கு மேல சலம் போனால் பால் காணும். இரண்டு கிழமைக்குள்ள பிறந்த நிறைக்குத் திரும்பி வந்திடும். அப்பிடி இல்லாட்டில் உடனே கூப்பிடுங்கோ. மா தேவைப்படுற பிள்ளையளும் இருக்கினம், அதை டொக்டர் சொல்லுவார்.”

“பாப்பம்” என்றார் தாய். பேணியைப் பையின் அடியில் வைத்து, பிள்ளைச் சட்டைகளை அதன் மேல் அடுக்கினார்.

வட்டுவாகல்

மாலையில் முல்லைத்தீவு நகருக்குச் செல்லும் பஸ்ஸில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தேன். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் மணல் திட்டுக்கு அப்பால் கடல். 2009 மே மாதம் ஆயிரக்கணக்கானோர் இந்தப் பாலத்தால் நடந்து வெளியேறினார்கள். அவர்களில் எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகளும், பச்சைப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அன்று தாயின் கையைப் பிடித்து நடந்த சிறுமிகள் இப்போது தாயாகும் வயதில் இருக்கிறார்கள்.

அந்தத் தாய்மாரில் ஒருவர் இதை வாசித்துக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். “எனக்குப் பால் வத்திப் போச்சு” என்று உங்கள் மகளிடம் எப்போதாவது சொல்லியிருப்பீர்கள். இனி அதைச் சொல்லும்போது தொடுவாய் மணலால் அடைபடுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அவளோடு நீங்களும் போங்கள். பாயில் இருந்து கேளுங்கள், கேள்வியும் கேளுங்கள். பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் நடுச்சாமத்தில், பிள்ளை அழ, பால் காணாதோ என்று மகள் கலங்கும்போது பக்கத்தில் இருக்கப் போவது நீங்கள்தான்.